ரோஸ் நிறத் தூசி

"அம்பத்தஞ்சாயிரம் பவுண்டு. ஒரு பென்னி குறைக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

வண்டியிலிருந்து என் ஒரு கால்தான் வெளியே வந்திருந்தது. இன்னொரு கால் உள்ளேயே நின்று யோசித்தது. வாசலில் பிரெண்டா ஹோல்ராய்டு மழைக்கோட்டும் வீட்டுச் செருப்புமாக நின்றிருந்தார். எழுபது கடந்த மனுஷி, முழங்கால் தாங்கித் தாங்கி நடப்பவர், குரல் மட்டும் சந்தை முழுக்கக் கேட்கும்.

சந்தையைப் பற்றி எனக்குத் தெரியும். ஸ்கிப்டன் ஆட்டுச் சந்தையில் மூன்று தலைமுறையாக விலை கத்திக் கத்தியே தொண்டை பெருத்த குடும்பம் எங்களுடையது. நான்தான் முதன்முதலில் நாலு காலை விட்டு நாலு சக்கரத்துக்கு மாறியவன். பழைய கார் வாங்குவேன், விற்பேன். விலையை வாசலிலேயே போட்டு உடைப்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். மேல்படி எதுவென்று தெரிந்துவிடுகிறதே, அப்புறம் இறங்க வேண்டியதுதான்.

"குட் மார்னிங், மிஸஸ் ஹோல்ராய்டு. நான் நெவில் சக்டன். மழை விடாது போலிருக்கே."

"மழை கிடக்கட்டும், ராசா. கட்டடக்காரன் அம்பதாயிரம் கேக்கிறான். கீழ ஒரு படுக்கை ரூம், சக்கர நாற்காலி திரும்புற மாதிரி ஒரு பாத்ரூம், வாசப்படிக்கு ஒரு சாய்வு. அது இல்லாம என் வீட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கிறாங்க. பக்கவாதம் வந்ததிலேருந்து ஹாரோகேட்ல முதியோர் இல்லத்துல கிடக்காரு. ஜன்னலைத் திறந்தா கார் நிறுத்துமிடம். ஆட்டைப் பாத்தே வளந்த மனுஷன்! மிச்சம் அஞ்சு, ஒத்தாசைக்கு வர்ற பொண்ணுக்கு. ஆகமொத்தம் அம்பத்தஞ்சு."

இவ்வளவு நேர்மையாகப் போட்ட விலையை நான் கேட்டதே இல்லை. காருக்கும் அந்த விலைக்கும் சம்பந்தம் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

கார் 1928 ஆல்விஸ், இரண்டு பேர் அமர்வது. பிரெண்டாவின் கணவர் டெரிக் ஹோல்ராய்டின் தாத்தா புதிதாக வாங்கியது. குடும்பத்தை விட்டு வெளியே போனதில்லை, பந்தயத்துக்கோ கண்காட்சிக்கோ வந்ததில்லை. அப்படி ஒன்று இந்தப் பக்கத்தில் இருப்பதாக எங்கள் வட்டாரத்தில் பேச்சு உண்டு; பார்த்தவர் கிடையாது. எங்கள் தொழிலில் 'எண்ணெய்த் துணி வண்டி' என்று ஒரு ஜாதி இருக்கிறது. மறுபெயின்ட் காணாதது, புதுத் தோல் காணாதது, எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்தே காப்பாற்றியது. கழற்றிப் பூட்டிப் புதுசாக்கிய ஆல்விஸுக்கு நாற்பதாயிரம் என்றால் இதற்கு எழுபது, எண்பது. இங்கிலாந்தில் கிழிசலுக்குத்தான் மரியாதை.

எண்பதுக்குப் போகக்கூடியதை ஐம்பத்தைந்துக்குத் தருகிறேன் என்று ஒரு மனுஷி வாசலில் நின்று மிரட்டுகிறார். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. முகத்தில் காட்டவில்லை, பல்வலிக்காரன் மாதிரி ஒரு முகம் இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

தொழுவத்தின் கதவைத் திறந்தார். தள்ளிய வேகத்தில் வைக்கோல் பறந்தது. ஆல்விஸ் உள்ளே வலப்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றது. மேலெல்லாம் சாம்பல் நிறத் தூசி. பானெட்டில் கோழி எச்சம். விளக்கிலிருந்து கண்ணாடிக்குச் சிலந்தி வலை. பெயின்ட் பல இடங்களில் தேய்ந்து வெறும் தகரம் தெரிந்தது.

"எதையும் தொடாதே," என்றார் பிரெண்டா. "தூசிதான் காசுன்னு கேரி சொன்னான். கேரி என் அக்கா மகன்."

அக்கா மகன் சொன்னது தப்பில்லை. ஏலங்களில் இப்போது அதுதான் பைத்தியம். தொழுவத்தில் கண்டெடுத்த வண்டியைக் கழுவாமல், கோழி இறகோடு மேடையேற்றுகிறார்கள். கழுவினால் பத்தாயிரம் குறைகிறது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன். முதலில் எனக்கு உறுத்தியது கோழி. கூரையில் கோழி உட்காரக் குறுக்குக் கட்டையே இல்லை. எச்சம் மேலிருந்து விழுந்தது போல இல்லை, கரண்டியால் வைத்தது போல இருந்தது.

"கோழி வளக்கிறீங்களா?"

"வளத்தோம். முன்னாடி."

"எப்போ?"

"எழுபத்தாறுல."

"எச்சம் இன்னும் காயலையே?"

பிரெண்டா கூரையைப் பார்த்தார்.

அடுத்தது தூசி. தொழுவத்துத் தூசி என்றால் மண், பதர், பூச்சி இறக்கை. இது பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிரித்தேன். உள்ளே மெல்லிய ரோஸ் நிற இழைகள்.

"உங்க படுக்கை ரூம் கம்பளம் ரோஸ் கலரா, மிஸஸ் ஹோல்ராய்டு?"

"அடப்பாவி! அது உனக்கு எப்படித் தெரியும்? என் படுக்கை ரூமைப் பத்தி யாரு உங்கிட்ட பேசினது?"

"கம்பளமே வந்து சொல்லுது. வாக்குவம் கிளீனர் பையை இது மேல கொட்டியிருக்கீங்க."

நான் பானெட்டை நெருங்கினேன். தேய்ந்த பெயின்ட்டில் கீறல்கள் வட்ட வட்டமாக ஓடின. வெயில் வட்டம் போடாது, மழையும் போடாது. அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கும் கைதான் அப்படிச் சுற்றும்.

டார்ச்சை அணைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு பொய் தெரிந்தால் அதற்கு அடியில் பெரிய பொய் இருக்கிறது என்று அர்த்தம். பழசாக வேஷம் போடுகிறார்கள் என்றால் அடியில் இருப்பது பழசில்லை. எவனோ மலிவாகப் பெயின்ட் அடித்த வண்டி. அதை மறைக்கத்தான் இத்தனை பஞ்சும் எச்சமும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். போட்டுவிட்டுப் பெருமையும் பட்டேன்.

"இருபதாயிரம் தர்றேன்," என்றேன். "வேஷம் போட்ட வண்டிக்கு அதுக்கு மேல இந்த யார்க்‌ஷயர்ல எவனும் தரமாட்டான்."

"வேஷமா?" பிரெண்டாவின் முகம் சிவந்தது. "டெரிக்கோட தாத்தா புதுசா ஓட்டிட்டு வந்த வண்டிடா இது!"

"அப்போ ஏம்மா எச்சத்தை அப்பி வச்சிருக்கீங்க?"

"நல்ல விலைக்குப் போகணும்னுதான்! கேரி போன்ல ஏலம் காட்டினான். பளபளன்னு இருந்தது நாப்பதுக்குப் போச்சு. கோழிக்கூட்டுல கிடந்த மாதிரி ஒண்ணு வந்தது, எம்பதுக்கு அடிச்சுக்கிட்டாங்க. நம்மது பளபளன்னு இருக்கே, யாரு அம்பத்தஞ்சு தருவான்னு நெனச்சேன். பக்கத்துப் பண்ணைக்காரிகிட்ட ஒரு வாளி எச்சம் கேட்டு வாங்கினேன். என்னத்துக்குன்னு அவ கேட்டா, ரோஜாச் செடிக்குன்னேன்."

எனக்கு ஒரு சொல் மாட்டிக்கொண்டது. "பளபளன்னு இருந்துச்சா?"

"பின்னே? ஞாயித்துக்கிழமை ஆனா நான் சேப்பலுக்குப் போவேன், அவரு இங்க வந்து துடைச்சிட்டிருப்பாரு. கல்யாணமான நாள்லேருந்து இதே சண்டை."

"எதால துடைப்பாரு?"

"எண்ணெய்த் துணியால."

"பெயின்ட் எப்ப அடிச்சது?"

"யாரு அடிச்சா? வாங்கினப்ப எப்படி வந்துச்சோ அப்படியே."

நான் காரைச் சுற்றி வலப்பக்கம் ஓடினேன். சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு பூனை போகலாம். என்னை மாதிரி பன்றிக்கறிப் பலகாரத்திலேயே வளர்ந்த வயிறு போகாது. போனேன். கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்தது. கைக்குட்டையில் எச்சில் தொட்டு, கதவில் உள்ளங்கை அளவு இடத்தைத் துடைத்தேன்.

கருநீலம். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போன்ற கருநீலம். அதன் மேல் தலைமுடி போல வெடிப்புகள். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனாலொழிய எந்த மகராசனாலும் வரவழைக்க முடியாத வெடிப்புகள். அதன் குறுக்கே கையால் இழுத்த பொன்னிறக் கோடு. கதவு முடியும் இடத்தில் அந்தக் கோடு லேசாக நடுங்கியிருந்தது. அன்றைக்கு அதை இழுத்தவன் அங்கே மூச்சு விட்டிருக்கிறான்.

இப்படி ஒரு பெயின்ட்டை நான் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். தொட்டது இதுதான் முதல் தடவை.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் ரோஸ் நிறப் பஞ்சு.

"என்னடா ராசா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"இந்தப் பக்கத்தை ஏன் தேய்க்கலை?"

"கை நுழையலை. தூசியை மட்டும் மேலேருந்து தூவிவிட்டேன்."

"மிச்சத்தை எல்லாம் நீங்களே தேய்ச்சீங்களா?"

"இரும்பு நாரால. மூணு வாரம். தோள்பட்டை வலி இன்னும் இறங்கலை."

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இருபதுக்கே முடித்துவிட்டு ஏற்றிக்கொண்டு போகலாம். சந்தையில் பிறந்தவன் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அதிர்ச்சி என்பது ஒரு கெட்ட பழக்கம், வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கிவிடுகிறது.

"அம்மா, இந்த வண்டி வேஷமில்லை. இந்த நாட்டுல இந்த மாதிரி நிஜம் ரெண்டோ மூணோதான் இருக்கும். நீங்க தேய்ச்சது அந்த நிஜத்தை."

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். எச்சம் வாங்கி வந்த அதே வாளி.

"திரும்ப அடிச்சா?"

"அடிச்சா அது புதுசாக்கின வண்டி. அடிக்காம விட்டா பாதி செத்த வண்டி."

"மூணு வாரத்துக்கு முன்னாடி வந்திருந்தா எவ்வளவு தந்திருப்பே? நிஜத்தைச் சொல்லு."

"நீங்க கேட்ட அம்பத்தஞ்சைத் தந்திருப்பேன். தந்துட்டு எம்பதுக்கு வித்திருப்பேன்."

"இப்ப?"

"நாப்பது. என்ஜின் அதே என்ஜின், சுவர்ப் பக்கம் அப்படியே இருக்கு. அதனால நாப்பது."

அவர் அழவில்லை. விரல்களை மடக்கினார், விரித்தார். "நாப்பதுன்னா பாத்ரூம் இல்லை," என்றார். "இல்லைன்னா படுக்கை ரூம் இல்லை. எதை விடறது? ரெண்டுல எது இல்லைன்னாலும் அவங்க அனுப்பமாட்டாங்களே."

வெளியே இன்னொரு கார் வந்து நின்றது.

"ஐயோ, அது கேரி சொன்ன ஏற்பாடு," என்று எழுந்தார். "ரெண்டு பேரை ஒரே நேரத்துக்கு வரச்சொன்னா விலை ஏறுமாம்."

இறங்கி வந்தவர் கிரிஸ்பின் ஹார்கோர்ட். செஷயர் பணக்காரர், முப்பது பழைய கார் வைத்திருக்கிறார், ஓட்டுவது ஒன்றையும் இல்லை. சேற்றுக்கென்றே வாங்கிய, சேறு காணாத பச்சை பூட்ஸ். என்னைப் பார்த்ததும், சூப்பில் ஈ கிடந்தால் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

"நெவில்! நீயுமா? அட, உன் கோட்டெல்லாம் தூசி! தொட்டுட்டியா?" அதற்குள் அவர் கண் காரின் மேல் விழுந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டார். "ஆண்டவரே! யாரும் கிட்டப் போகாதீங்க. என்ன ஒரு தூசி! என்ன ஒரு எச்சம்!"

"எச்சம் பக்கத்துப் பண்ணையோடது," என்றார் பிரெண்டா.

"என்ன?"

"நான் அப்பினது. தூசி என் வாக்குவம் கிளீனர்லேருந்து வந்தது. பெயின்ட்டை நான்தான் தேய்ச்சேன், மிஸ்டர் ஹார்கோர்ட். தேய்க்காம இருந்தா இது ரொம்ப உசத்தியாம். நெவில் இப்பத்தான் சொன்னாரு. நான் கெடுத்துட்டேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். விற்கிற பொருளை இப்படிக் கழுவி ஊற்றுவதை எங்கள் குடும்பத்தில் யாராவது பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருப்பார்கள்.

ஹார்கோர்ட் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பலே, நெவில். பாவம், வயசான அம்மா வாயில இதையெல்லாம் நீதானே போட்டே? என்னை விரட்டிட்டு நீ அள்ளிட்டுப் போகப் பாக்கிறே." பானெட்டின் மேல் குனிந்தார். "மேடம், இந்த வட்டக் கீறல் எல்லாம் வைக்கோல் உரசின தடம். வருஷக்கணக்கா உரசியிருக்கு. எனக்கு இதெல்லாம் பாடம்."

பிரெண்டா மழைக்கோட்டுப் பையிலிருந்து இரும்பு நாரை எடுத்து நீட்டினார். அதில் கருநீலம் அப்பியிருந்தது.

"அருமை," என்று கண்ணடித்தார் ஹார்கோர்ட். "எழுபதாயிரம். இப்பவே. கழுவாம அப்படியே ஏத்திக்கிறேன்."

எழுபது! படுக்கை ரூம், பாத்ரூம், சாய்வு, ஒத்தாசைக்கு ஒன்றுக்கு ரெண்டு பெண்கள். உண்மையை ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லியாயிற்று. அதற்கு மேல் நம்பாதவன் தலையெழுத்து. வாங்கிக்கோங்கம்மா என்று நான் மனசுக்குள் கத்தினேன். ஒரு எதிராளிக்குப் பொருள் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் அன்றைக்குத்தான்.

பிரெண்டா சொன்னார்: "நான் கேட்டது அம்பத்தஞ்சு. அதைக் குடுங்க போதும். அதுக்கு மேல குடுக்கிறது என்னை நம்பாததுக்குக் குடுக்கிற காசு. அது எனக்கு வேணாம்."

விற்பவர் தன் வாயால் பதினைந்தாயிரத்தைக் குறைக்கிறார்! இதற்குச் சட்டம் இருக்கிறதா?

ஹார்கோர்ட்டின் சிரிப்பு அப்படியே உறைந்தது. அதுவரை எதையும் சந்தேகப்படாத மனிதர் இப்போது இரண்டடி பின்னால் போனார்.

"ஏன்?" என்றார். "ஏன் குறைக்கிறீங்க? இதுல என்ன இருக்கு? நம்பர் மாத்தினதா? திருட்டா?"

"திருட்டா? வாயை அலம்புங்க!"

நான் குறுக்கே புகுந்தேன். "வாங்க, காட்டறேன். வண்டியோட அடிச்சட்டத்துல பொறிச்ச நம்பர் இதோ, என்ஜின்ல அதே ஜோடி நம்பர். சுத்தமான வண்டி. பெயின்ட் மட்டும்தான் போச்சு."

"நீ ஏம்ப்பா எனக்கு விக்கறதுக்கு இவ்வளவு பாடுபடறே? நீயும் வாங்கத்தானே வந்தே?"

நல்ல கேள்வி. அவருடைய வலது பூட்ஸ் வாசலைப் பார்த்துத் திரும்பியது. சந்தையில் வாங்குபவனின் கால் வாசலைப் பார்த்தால், பக்கத்தில் நிற்பவன் ஒரு விலை சொல்ல வேண்டும். அந்தக் கால் திரும்பி வரும். இதை யோசித்துச் செய்வதில்லை. தும்மல் மாதிரி அதுவாக வரும்.

"அப்போ நான் எடுத்துக்கறேன். அம்பத்தஞ்சு!" என்று என் வாய் சொன்னது.

ஹார்கோர்ட் நின்றார். திரும்பினார். மெதுவாகக் கைதட்டினார்.

"ஆங், இப்பப் புரியுது. அம்மா விலையைக் குறைப்பாங்க, நீ ஆசை காட்டி ஏத்துவே. ஏலத்துல இந்தக் கூத்தை எத்தனை தடவை பாத்திருப்பேன். வண்டி உனக்கே, நெவில். வாழ்த்துகள்."

பச்சை பூட்ஸ் சேற்றில் சளக் சளக்கென்று போனது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்புறம் மழைதான் கேட்டது.

"மிஸஸ் ஹோல்ராய்டு," என்று ஆரம்பித்தேன், "அது வந்து, அந்த ஆளை நிறுத்தறதுக்காக..."

பிரெண்டா தன் வலது உள்ளங்கையில் எச்சில் துப்பி நீட்டினார்; ஆட்டுச் சந்தையில் பேரத்தை முடிக்கும் முறை அது. ஐம்பது வயதில் என்னை யாரும் இப்படிக் கலங்கடித்ததில்லை.

"என்ன முழிக்கிறே? எங்கப்பா மால்ஹம்ல ஆடு வித்தவரு. விலை சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன்."

"உன்னை விலை சொல்லச் சொல்லி நான் கேட்டனா?"

"இல்லை."

"நாப்பதுதான் போகும்னு தெரிஞ்சுதானே சொன்னே?"

"தெரிஞ்சுதான்."

"வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போ, ராசா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அதுதான் கொலை. சொல்லமாட்டாராம்! மால்ஹம்காரன் மகள் சொல்லாவிட்டாலும் என் காதுக்குத் தெரியுமே. சாட்சி வைத்துச் சொன்ன விலையை விழுங்கியவன் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவனுக்கும் பேர் கிடையாது. மற்ற எல்லாப் பேரும் உண்டு. நானும் என் உள்ளங்கையில் துப்பி, ஓங்கி அவர் கையில் அடித்தேன். பதினைந்தாயிரம் பவுண்டு போகிற சத்தம் அவ்வளவு சின்னதாக இருந்தது.

அவர் கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். காது மந்தம், அதனால் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துத்தான் பேசுவார். முதியோர் இல்லத்துப் பெண் போனைக் கொண்டுபோய்ப் படுக்கையில் கொடுத்தாள்.

"டெரிக்? நான்தான். சாப்பிட்டீங்களா?"

"சரி," என்றது ஒரு கரகரத்த குரல்.

பிரெண்டா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: "பேச்சுல அந்த ஒரு சொல்லுதான் மிஞ்சியிருக்கு அவருக்கு. எதுக்கும் அதான்."

"காரை வித்துட்டேன், டெரிக்."

"சரி."

"ரூம் கட்டப் போறாங்க. நீங்க வீட்டுக்கு வந்துடலாம்."

"சரி."

பிரெண்டா காரைப் பார்த்தார். பானெட்டின் வட்டங்களில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. சொல்லாமல் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருப்பேன்.

"டெரிக், இன்னொண்ணு. உங்க காரை நான் இரும்பு நாரால தேய்ச்சிட்டேன். பெயின்ட் போற வரைக்கும். சுவர்ப் பக்கம் மட்டும்தான் மிச்சம்."

போனில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த ஒரு சொல் வரவில்லை. பிரெண்டா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இல்லத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போகும் சத்தம் வந்தது, போனது. நான் தலையைக் குனிந்துகொண்டு என் கோட்டிலிருந்த பஞ்சைப் பிய்த்தேன்.

"கேக்குதா, டெரிக்? தெரியாமத்தான் செஞ்சேன். கோவமா இருக்கும், எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நேர்ல திட்டுங்க. ஜன்னல் பக்கமா படுக்கை போடச் சொல்றேன், ஆட்டையும் பாத்துக்கிட்டு என்னையும் திட்டலாம். வர்றீங்களா?"

மறுபடி மூச்சு. நீளமாக.

"சரி," என்றார் டெரிக் ஹோல்ராய்டு.